வானில் மறைந்த வீராங்கனை அமேலியா இயர்ஹார்ட்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

நம் பள்ளிக்கு மேலே ஆகாய விமானம் ஒன்று பறந்து சென்றால், பாடம் நடந்துகொண்டிருந்தாலும் நம் கண்கள் ஜன்னல் பக்கம் ஓடிவிடும். அந்த விமானத்தினுள், பெரும்பாலும் வால் பக்கமாக, பளிச்சென்ற நிறத்தில் ஒரு சிறு பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? விமானம் எங்கேனும் விழுந்துவிட்டால், உள்ளே இருப்பவர்கள் நினைவிழந்து கிடந்தாலும், அப்பெட்டி தானாகவே விழித்துக்கொண்டு வானலைகள் வழியாக உதவி கேட்டு அழைக்கும். அவசர இருப்பிடம் காட்டும் கருவி என்று அதனைக் கூறலாம்.

அந்தச் சிறு பெட்டியின் அருமையை முழுவதும் உணர வேண்டுமானால், அது இல்லாத காலத்தில் கடலுக்கு மேலே வழி தவறி மறைந்துபோன ஒரு பெண்மணியின் வரலாற்றை நாம் படிக்க வேண்டும். அவர்தாம் அமெரிக்க நாட்டு விமானி அமேலியா இயர்ஹார்ட். அவருடைய துணிவை உலகம் புகழ்கிறது. அத்துணிவோடு அவருடைய கடைசிப் பயணம் நமக்குக் கற்பிக்கும் வேறொரு பாடமும் உண்டு. இரண்டையும் இங்கே காண்போம்.

பிறப்பும் இளமையும்

அமேலியா 1897 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24 ஆம் நாள் அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஆட்சிசன் என்னும் ஊரில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தை எட்வின் ஒரு வழக்கறிஞர். தாயார் பெயர் ஏமி. மியூரியல் என்ற தங்கையும் உண்டு.

சிறுமியர் பொம்மையுடன் வீட்டுக்குள் விளையாட வேண்டும் என்று ஊரார் எண்ணிய காலம் அது. அமேலியாவோ மரம் ஏறுவார். பனிச்சறுக்கு வண்டியில் குப்புறப் படுத்துச் சரிவில் பாய்வார். ஏழு வயதில் கொட்டகைக் கூரையிலிருந்து தரைவரை பலகைகளைச் சாய்த்துக் கட்டி, ஒரு மரப்பெட்டியில் அமர்ந்து அதில் சறுக்கி இறங்கினார். பெட்டி உடைந்தது, உதடும் காயம் பட்டது. ஆனால் எழுந்தபோது அவர் முகத்தில் மகிழ்ச்சியே இருந்தது. அதுவே அவருடைய முதற் பறப்பு என்று சொன்னாலும் தவறில்லை.

வேடிக்கை என்னவென்றால், பத்து வயதளவில் அயோவா மாநிலப் பொருட்காட்சியில் அவர் முதன்முதலாக ஒரு விமானத்தைப் பார்த்தபோது அது அவரைச் சிறிதும் கவரவில்லை. கம்பியும் மரமுமாகத் துருப்பிடித்து நின்ற அதை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

குடும்பத்தில் துன்பமும் இருந்தது. தந்தையார் குடிப்பழக்கத்துக்கு அடிமையாகி வேலையை இழந்தார். குடும்பம் ஊர் ஊராக மாற, பிள்ளைகளின் படிப்பும் பள்ளிக்குப் பள்ளி மாறியது. இருப்பினும் அமேலியா 1916 ஆம் ஆண்டு சிகாகோ நகரில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். ஆண்களுக்கே உரியவை என்று கருதப்பட்ட தொழில்களில் வெற்றி பெற்ற பெண்களைப் பற்றிச் செய்தித்தாள்களில் வந்தவற்றையெல்லாம் வெட்டி ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்துக்கொண்டார். தாமும் ஒருநாள் அத்தகைய செய்தியில் இடம்பெறுவோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

தொண்டும் பறக்கும் ஆசையும்

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. 1917 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கனடாவின் டொரண்டோ நகரில் இருந்த தங்கையைப் பார்க்கச் சென்ற அமேலியா, கால்களை இழந்து ஊன்றுகோல்களின் உதவியால் நடந்து வந்த இளம் போர்வீரர்களைத் தெருவில் கண்டார். அவர் உள்ளம் உருகியது. படிப்பை விட்டுவிட்டு அங்கேயே ஒரு ராணுவ மருத்துவமனையில் செவிலியர்க்கு உதவியாளராகச் சேர்ந்தார். படுக்கை விரிப்பதும், உணவு கொண்டு செல்வதும், மருந்துக் கிடங்கில் வேலை செய்வதும் அவர் பணிகளாயின. 1918 ஆம் ஆண்டு பரவிய கொடிய விஷக் காய்ச்சலின்போது தாமும் நோயுற்றுப் பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். ஓய்வு கிடைத்த நேரங்களில் அருகிலிருந்த விமானத் திடலுக்குச் சென்று விமானங்கள் எழும்புவதைப் பார்த்தபோதுதான் பறக்கும் ஆசை அவர் நெஞ்சில் முளைத்தது.

1920 ஆம் ஆண்டு டிசம்பர் 28 ஆம் நாள் கலிபோர்னியாவில், பத்து டாலர் கட்டணம் கொடுத்துப் பத்து நிமிடம் விமானத்தில் சென்றார். தரையிலிருந்து சில நூறு அடி மேலே எழுந்ததுமே, தாம் விமானம் ஓட்டக் கற்றே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் அதற்குப் பணம் வேண்டுமே! தொலைபேசி நிலையத்தில் வேலை செய்தார், புகைப்படம் எடுத்தார், லாரியும் ஓட்டினார். 1921 ஜனவரியில் நீட்டா ஸ்நூக் என்ற பெண் விமானியிடம் பயிற்சியைத் தொடங்கினார். அவ்வாண்டே மஞ்சள் நிறச் சிறு விமானம் ஒன்றையும் வாங்கி, அதற்குக் கேனரிப் பறவையின் பெயரைச் சூட்டினார். 1922 அக்டோபரில் அதில் 14,000 அடி உயரம் பறந்து, பெண்களுள் அதுவரை எவரும் எட்டாத உயரத்தை எட்டினார்.

பின்னர் வறுமை மீண்டும் வந்தது. விமானத்தை விற்க நேர்ந்தது. பாஸ்டன் நகரில் டெனிசன் இல்லம் என்ற தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, வேற்று நாடுகளிலிருந்து குடியேறிய ஏழை மக்களுக்கு ஆங்கிலம் கற்பித்தும், அவர்தம் குழந்தைகளைப் பேணியும் வந்தார்.

கடல் கடந்த வெற்றி

1928 ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்பம் ஏற்பட்டது. அட்லாண்டிக் கடலை விமானத்தில் கடக்கும் முதல் பெண்ணாகச் செல்ல அவருக்கு அழைப்பு வந்தது. ஜூன் 17 ஆம் நாள் நியூபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்ட விமானம் 20 மணி 40 நிமிடம் பறந்து வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் இறங்கியது. உலகமே அமேலியாவைக் கொண்டாடியது. ஆனால் விமானத்தை ஓட்டியவர் வில்மர் ஸ்டல்ஸ் என்ற விமானி. தாம் வெறும் பயணச் சுமையாகவே சென்று வந்ததாக அமேலியா வெட்கப்பட்டார். தகுதியில்லாத புகழை மனம் ஏற்காத அப்பண்பு போற்றத்தக்கது.

அப்புகழுக்குத் தம்மைத் தகுதியாக்கிக்கொள்ள நான்கு ஆண்டுகள் உழைத்தார். இதற்கிடையில் 1929 ஆம் ஆண்டு பெண் விமானிகளுக்கென ஒரு சங்கம் தோன்றியது. தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் 99 பேர் ஆதலால் அந்த எண்ணே சங்கத்தின் பெயராயிற்று. அதன் முதல் தலைவி அமேலியாவே. 1931 ஆம் ஆண்டு ஜார்ஜ் புட்னம் என்ற புத்தக வெளியீட்டாளரை மணந்தார்.

1932 ஆம் ஆண்டு மே 20 ஆம் நாள் மாலை, தன்னந்தனியாக அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்டார். வழியில் உயரங்காட்டும் கருவி பழுதாகிவிட்டது. கடல் எவ்வளவு கீழே இருக்கிறது என்று இருளில் தெரியவில்லை. இறக்கைகளில் பனி உறைந்து விமானம் சுழன்று விழத் தொடங்கியது. எஞ்சினின் புகைக்குழாய் வெடித்து அதன் வழியே தீ நாக்கு நீட்டியது. இத்தனைக்கும் நடுவே 14 மணி 56 நிமிடம் பறந்து, வட அயர்லாந்தில் பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்த ஒரு புல்வெளியில் இறங்கினார். அட்லாண்டிக்கைத் தனியே கடந்த முதல் பெண் என்ற பெருமை இம்முறை முழுவதும் அவருக்கே உரியதாயிற்று.

1935 ஜனவரியில் ஹவாய்த் தீவிலிருந்து கலிபோர்னியாவுக்குத் தனியாகப் பறந்தார். ஆண், பெண் எவரும் அதற்கு முன் அவ்வழியே தனித்துப் பறந்ததில்லை. அப்பயணத்தில் பேசவும் கேட்கவும் வல்ல வானொலிக் கருவி ஒன்று அவர் விமானத்தில் இருந்தது. அவர் குரல் கரைக்குக் கேட்டது. கரையின் குரல் அவருக்குக் கேட்டது. தோழிகளே, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலகைச் சுற்ற ஒரு முயற்சி

பர்டூ பல்கலைக்கழகம் அமேலியாவைத் தன் மாணவியருக்கு ஆலோசகராக அமர்த்தியது. அதன் உதவியுடன் இரண்டு எஞ்சின்கள் கொண்ட எலெக்ட்ரா என்னும் லாக்ஹீட் விமானம் 1936 ஆம் ஆண்டு, அவருடைய 39 ஆவது பிறந்தநாளன்று, அவர் கைக்கு வந்தது. பூமத்திய ரேகையை ஒட்டி உலகைச் சுற்றிவரத் திட்டமிட்டார்.

1937 மார்ச் மாதம் முதல் முயற்சி நடந்தது. அதில் ஹாரி மானிங் என்ற கப்பல் தலைவரும், பிரெட் நூனன் என்ற வழிகாட்டியும் உடன் சென்றனர். மானிங் கம்பியில்லாத் தந்தியிலும், புள்ளியும் கோடுமாக அடிக்கும் மோர்ஸ் குறியீட்டிலும் வல்லவர். ஹவாயில் புறப்படும்போது விமானம் ஓடுதளத்திலேயே சுழன்று சேதமடைந்தது. பழுது பார்க்கப் பல வாரங்கள் ஆயின. மானிங் விலகிக்கொண்டார். அவருடைய இடத்துக்கு வேறு எவரும் சேர்க்கப்படவில்லை. அமேலியாவுக்கும் நூனனுக்கும் மோர்ஸ் குறியீட்டில் போதிய பயிற்சி இல்லை.

1937 ஜூன் முதல் நாள் மியாமி நகரிலிருந்து கிழக்கு நோக்கி இரண்டாம் பயணம் தொடங்கியது. விமானத்தின் பின்னே சுருளிலிருந்து நெடுந்தூரம் விட்டுப் பின்னர் இழுத்துக்கொள்ள வேண்டிய ஓர் ஏரியல் கம்பி முன்பு இருந்தது. அது தொல்லை தருகிறது, பாரமாகவும் இருக்கிறது என்று மியாமியிலேயே நீக்கிவிட்டார்கள். கப்பல்கள் ஆபத்தில் அழைக்கும் 500 கிலோசைக்கிள் அலைவரிசையில் தொலைவுக்குக் கேட்கும்படி அழைக்க அந்நீண்ட கம்பிதான் வேண்டும். மற்ற எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துச் சுமை குறைத்தவர்கள், அதையும் ஒரு சுமையாகவே எண்ணிவிட்டார்கள்.

நம் நாட்டில் அமேலியா

தென் அமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் கடந்து, செங்கடற்கரையிலிருந்து எங்கும் இறங்காமல் பறந்து ஜூன் 15 ஆம் நாள் கராச்சியை அடைந்தார். அந்நாளில் கராச்சி பிரிக்கப்படாத இந்தியாவின் பகுதியாக இருந்தது. பின்னர் நாட்டின் குறுக்கே பறந்து ஜூன் 17 அன்று கல்கத்தாவின் டம்டம் நிலையத்தில் இறங்கினார். பருவமழைக் காலம் ஆதலால் திடல் சேறும் நீருமாய்க் கிடந்தது. மறுநாள் புறப்படுகையில் நிறைந்த பெட்ரோல் பாரத்தோடு விமானம் மெல்ல எழும்பி, திடலின் ஓரத்து மரங்களை உரசாமல் தப்பியது. பர்மாவில் பெருமழை அவரை ஒருமுறை திருப்பியே அனுப்பியது. இயற்கையின் எதிர்ப்பை எல்லாம் அவர் வென்றார். பாங்காக், சிங்கப்பூர், ஜாவா, ஆஸ்திரேலியாவின் டார்வின் எனப் பயணம் தொடர்ந்து, ஜூன் 29 அன்று நியூகினித் தீவின் லே நகரை அடைந்தது. அதற்குள் ஏறத்தாழ 22,000 மைல் முடிந்துவிட்டது. எஞ்சியது 7,000 மைல் மட்டுமே.

லே நகரில் ஒரு சோதனை

லேயிலிருந்து அடுத்து இறங்க வேண்டிய இடம் ஹௌலண்ட் தீவு. தூரம் சுமார் 2,550 மைல். தீவின் நீளமோ ஒன்றரை மைல். அகலம் அரை மைல். பரந்த பசிபிக் கடலில் அது ஒரு கடுகு. அங்கே இட்டாஸ்கா என்னும் அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பல் காத்திருந்தது. கப்பல் அனுப்பும் அலைகள் எத்திசையிலிருந்து வருகின்றன என்று விமானத்தின் வளைய வடிவ ஏரியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அறிந்து, அத்திசையில் பறந்து தீவைக் காண்பதே திட்டம். அந்தத் திசையறி கருவியை நம்பியே உயிர் இருந்தது என்றாலும் மிகையாகாது.

டார்வினிலேயே அக்கருவி வேலை செய்யவில்லை. எரிந்துபோன ஃபியூஸ் ஒன்றை மாற்றிச் சரி செய்தார்கள். லேயில் ஜூலை முதல் நாள் அரை மணி நேரம் பறந்து விமானத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அப்போது லே வானொலி நிலையத்தின் அலைகளை வைத்துத் திசை காண முயன்றார் அமேலியா. திசை தெரியவில்லை. நிலையம் மிக அருகில் இருப்பதால் ஒலி மிகுந்து கருவி குழம்புகிறது என்று கருதி அதனை விட்டுவிட்டார். காரணம் அதுவாகவும் இருக்கலாம். ஆனால் சற்றுத் தொலைவு சென்று மறுபடி சோதித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அவர் ஒரு மாதமாக ஓய்வின்றிப் பறந்து களைத்திருந்தார். வழியில் நோயும் கண்டிருந்தது. வீடு திரும்பும் ஆவலும் இருந்தது. இவற்றையெல்லாம் எண்ணும்போது அவரைக் குறை கூற நமக்கு நா எழவில்லை. ஆயினும் மனம் வருந்துகிறது.

கேட்காத குரல்

ஜூலை 2 ஆம் நாள் காலை 10 மணிக்கு லேயிலிருந்து விமானம் புறப்பட்டது. இரவெல்லாம் பறந்து சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடந்ததால், மறுநாள் விடிந்தபோது ஹௌலண்டில் மீண்டும் ஜூலை 2 ஆம் நாளாகவே இருந்தது.

இட்டாஸ்கா கப்பலில் அமேலியாவின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. பொழுது விடிந்ததும் குரல் மேலும் தெளிவாயிற்று. கப்பலின் அருகே வந்துவிட்டதாகவும், ஆனால் கப்பலைக் காண முடியவில்லை என்றும், பெட்ரோல் குறைந்து வருவதாகவும் 7 மணி 42 நிமிடத்துக்கு அறிவித்தார். ஒலி அவ்வளவு உரத்துக் கேட்டதால் கப்பலில் இருந்தவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஆனால் கப்பலிலிருந்து அவர்கள் பேசியது எதுவும் அமேலியாவுக்குக் கேட்கவில்லை. எட்டு மணியளவில் அவர் கேட்டபடி 7500 கிலோசைக்கிளில் மோர்ஸ் ஒலி அனுப்பினார்கள். அது மட்டும் கேட்டது. ஆனால் அவருடைய வளைய ஏரியல் அத்தனை உயர்ந்த அலைவரிசையில் திசை காட்டாது. அவர் பேசிய அலைவரிசையிலோ கப்பலின் கருவியால் திசை காண இயலாது. 500 கிலோசைக்கிளில் அழைக்குமாறு கப்பல் மீண்டும் மீண்டும் வேண்டியது. அதற்கு வேண்டிய கம்பியோ மியாமியிலேயே விடப்பட்டுவிட்டது! தீவில் வைத்திருந்த மற்றொரு திசையறி கருவியின் பாட்டரியும் இரவிலேயே வலுவிழந்து போயிருந்தது.

8 மணி 43 நிமிடத்துக்குத் தாம் 157–337 என்னும் திசைக்கோட்டில் வடக்கும் தெற்குமாகப் பறந்து தேடுவதாக அறிவித்தார். அதன்பின் அவர் குரல் அக்கப்பலில் கேட்கவில்லை.

எண்ணிப் பாருங்கள். விமானத்தில் நல்ல கருவி இருந்தது; கப்பலிலும் இருந்தது. இரு பக்கமும் கடமை தவறாத மனிதர்கள் இருந்தனர். ஆனால் எந்த அலைவரிசையில், எந்த முறையில் ஒருவரையொருவர் அறிவது என்பதை முன்கூட்டியே ஒன்றாகச் சோதித்து உறுதி செய்யவில்லை. இருவரும் அழைத்தார்கள், ஒருவர் அழைப்பு மற்றவர்க்குப் பயன்படவில்லை.

தேடல்

அமெரிக்கக் கடற்படை தேடத் தொடங்கியது. கொலராடோ என்ற போர்க்கப்பலும், லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் வந்தன. சுமார் 2,50,000 சதுர மைல் கடற்பரப்பை அலசினார்கள். நாற்பது லட்சம் டாலர் செலவாயிற்று என்பர். ஜூலை 19 ஆம் நாள் தேடல் கைவிடப்பட்டது. ஒரு பலகைத் துண்டுகூட அகப்படவில்லை. 1939 ஜனவரி 5 ஆம் நாள் அமேலியா இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவித்தது. கடலில் மூழ்கினார் என்பாரும், வேறொரு தீவில் ஒதுங்கினார் என்பாரும் உண்டு. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எதற்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை.

தானே அழைக்கும் கருவி

அமேலியா மறைந்து சில ஆண்டுகளில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. கடலில் விழும் விமானிகளுக்காக ஒரு சிறு ஒலிபரப்புப் பெட்டி செய்யப்பட்டது. ரப்பர்ப் படகில் அமர்ந்து இரு முழங்கால்களுக்கிடையே அதனை இடுக்கிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினால் போதும். மோர்ஸ் தெரியாதவர்களுக்கும் அதுவே ஆபத்துக் குறியை 500 கிலோசைக்கிளில் அடித்து அனுப்பும். ஏரியல் கம்பியைப் பட்டத்திலோ பலூனிலோ கட்டி மேலே பறக்க விடுவார்கள். அமேலியாவிடம் இல்லாமற்போன இரண்டும் ஒரே பெட்டியில் வந்துவிட்டன.

கை சுற்றவும் வலுவில்லாமல் ஒருவர் கிடந்தால் என்ன செய்வது? அதற்காகவே இன்றைய தானியங்கிக் கருவி வந்தது. 1970 ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெரும்பாலான சிறு விமானங்களில் இதனைப் பொருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. அது முழுமையாக நடைமுறைக்கு வருமுன், 1972 அக்டோபரில் ஹேல் பாக்ஸ், நிக் பெகிச் ஆகிய இரு மக்கள் பிரதிநிதிகள் சென்ற விமானம் அலாஸ்காவில் மறைந்தது. 39 நாள் தேடியும் அது அகப்படவில்லை. இக்கருவியின் தேவையை நாட்டுக்கு அது நன்கு உணர்த்தியது.

1979 ஆம் ஆண்டு அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளும் பகைமையை மறந்து, ஆபத்துக் குரலைக் கேட்கச் செயற்கைக்கோள்களை அனுப்ப உடன்பட்டன. 1982 ஜூன் மாதம் முதல் கோள் ஏவப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே கனடாவின் மலைக்காட்டில் விழுந்த சிறு விமானத்திலிருந்து மூவர் காப்பாற்றப்பட்டனர். அன்றுமுதல் பல்லாயிரம் பேர் இம்முறையால் உயிர் பிழைத்துள்ளனர். நம் நாட்டில் பெங்களூரிலும் லக்னோவிலும் இக்குரலைக் கேட்கும் நிலையங்களை நம் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துள்ளது. அமேலியா மழையில் நனைந்தபடி கடந்து சென்ற அதே வானத்துக்குக் கீழே அவை இரவு பகலாய்க் காது கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

இயக்கமும் சோதனையும்

இக்கருவிக்கு ஒரு விசை உண்டு. பறக்கும்போது அது 'ஆர்ம்' என்னும் தயார்நிலையில் இருக்க வேண்டும். விமானம் எதிலேனும் மோதினால் உள்ளே இருக்கும் அதிர்ச்சி விசை கருவியை இயக்கிவிடும். விமானியும் தம் இருக்கையிலிருந்தே அதனை இயக்கலாம். இயங்கத் தொடங்கியதும் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஏறத்தாழ 50 நொடிக்கு ஒருமுறை, அரை நொடி நேரம், தன் அடையாள எண்ணைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். 121.5 மெகாஹெர்ட்ஸில் இடைவிடாமல் ஒரு கூவல் ஒலியும் எழுப்பும். தேடி வரும் விமானங்கள் அவ்வொலியைப் பின்பற்றி இடத்தை அடையும். அமேலியா தேடிய திசையறி கருவியின் வேலை இங்கே தலைகீழாகி, விழுந்தவரைத் தேடி மற்றவர்கள் வருகிறார்கள். பாட்டரி குறைந்தது 24 மணி நேரம் உழைக்க வேண்டும்.

ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதுமா? மோதலில் ஏரியல் ஒடிந்தாலோ, கம்பி அறுந்தாலோ, பெட்டி எவ்வளவு கூவினாலும் வெளியே கேட்காது. நீரில் மூழ்கினாலும் கேட்காது. ஆதலால் கடல்மேல் செல்வோர்க்கு மிதக்கும் கருவியும் வேண்டும். அடையாள எண்ணை உரிமையாளர் பெயருடன் பதிவு செய்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 12 மாதத்துக்கு ஒருமுறை கருவி சரியாகப் பொருத்தப்பட்டுள்ளதா, பாட்டரியில் அரிப்பு உண்டா, அதிர்ச்சி விசை இயங்குகிறதா, ஏரியலிலிருந்து போதிய அலை வெளிவருகிறதா என்ற நான்கையும் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒரு மணி நேரத்துக்கு மேல் இயங்கிய பாட்டரியையும், பாதி ஆயுள் கடந்த பாட்டரியையும் மாற்றிவிட வேண்டும்.

சோதிப்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பழைய வகைக் கருவியை அங்கே ஒவ்வொரு மணியின் முதல் ஐந்து நிமிடத்துக்குள் மட்டுமே, கூவல் மூன்று முறை கேட்கும் நேரத்துக்கு மேற்படாமல், சோதிக்கலாம். புதிய 406 வகையை உண்மையாகவே இயக்கிப் பார்க்கக் கூடாது. அதற்கென உள்ள சோதனைப் பொத்தானை மட்டுமே அழுத்த வேண்டும். அப்போது வெளிவருவது சோதனைதான் என்று நிலையங்கள் அறிந்துகொள்ளும். விமானம் தரை இறங்கியபின், எஞ்சினை நிறுத்துமுன், 121.5 இல் காது கொடுத்துப் பார்ப்பது நல்ல விமானியின் பழக்கம். தரையில் மோதிய வேகத்தில் கருவி தானே கூவத் தொடங்கியிருந்தால் அப்போது தெரிந்துவிடும். ஏனெனில் நிலையங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இப்படித் தவறுதலாய் எழுந்தவையே. புலி வருகிறது என்று பொய்யாய்க் கத்திய ஆட்டிடையன் கதை நமக்குத் தெரியுமல்லவா? ஒரு பொய்யழைப்புக்காக மீட்புப் படையினர் ஓடும் நேரத்தில், உண்மையாகவே ஒருவர் எங்கோ காத்திருக்கக்கூடும்.

முடிவுரை

அமேலியா வாழ்ந்தது நாற்பது ஆண்டுகள்கூட இல்லை. நாற்பதாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கையில் மறைந்தார். ஆயினும் பெண்ணால் முடியாது என்று சொல்லப்பட்ட பலவற்றை முடித்துக் காட்டினார். அவர் திறந்த வழியில் இன்று எத்தனையோ பெண்கள் விமானம் ஓட்டுகிறார்கள். நாமும் அவருடைய துணிவைப் பெற வேண்டும் என்பதில் ஐயமில்லை.

அதோடு ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம். நாற்பது அடி அலையையும் கடும் புயலையும் நேருக்கு நேர் சந்திக்கும் துணிவு ஒருவகை. சோதனையில் ஒரு கருவி சரிவரப் பதில் சொல்லாதபோது, புறப்படும் நாள் தள்ளிப் போனாலும் சரி என்று நின்று, மறுபடியும் சோதிப்பதற்கும் ஒரு துணிவு வேண்டும். தெரியாத மோர்ஸைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கற்பதற்கும் துணிவு வேண்டும். கைதட்டல் கிடைக்காத துணிவு அது. தேர்வுக்கு முதல் நாள் இரவு பேனாவில் மை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் அம்மாவிடமும், ஆய்வுக்கூடத்தில் மின்கம்பிகளை இருமுறை சரிபார்க்கச் சொல்லும் ஆசிரியையிடமும் நாம் சலித்துக்கொள்கிறோம். இனிமேல் அவ்வாறு சலிக்கும்போது, விடியற்காலையில் ஒரு கடுகளவு தீவைத் தேடி வடக்கும் தெற்குமாகப் பறந்த அமேலியாவை நினைப்போம்.

இன்று ஒரு விமானம் விழுந்தால், அதன் குரலைக் கேட்க வானத்திலும் பூமியிலும் காதுகள் காத்திருக்கின்றன. அக்குரல் ஒலிக்குமாறு முன்னமே பார்த்து வைப்பது மட்டும் மனிதர் கையில் இருக்கிறது. அமேலியாவின் பெயர் வாழ்க!